பழைய ஃபெல்ட் தொப்பி: தூரிகையா, பெட்ரோல் வாஷா, மர அச்சா?

1940-களில் ஸ்டெட்சன் நிறுவனம் செய்த ஃபெடோரா (உச்சியில் குழிவும் சுற்றிலும் விளிம்பும் உள்ள ஃபெல்ட் தொப்பி) ஒன்று கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு நெளிந்திருக்கிறது, ரிப்பனுக்கு மேலே வியர்வைக் கறை ஏறியிருக்கிறது, உச்சிக் குழிவில் பல வருடத் தூசி. இதைத் தேற்ற மூன்று வழிகள் உண்டு. தூரிகையும் கெட்டில் ஆவியும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்ப்பது ஒன்று. நாஃப்தா போன்ற பெட்ரோலியக் கரைப்பானில் முக்கி எடுப்பது இன்னொன்று. நம் ஊர் லாண்டரிகளில் பெட்ரோல் வாஷ் என்பார்களே, அந்த வகை. மூன்றாவது, தொப்பி செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, முழுசாகப் பிரித்து, மர அச்சில் ஏற்றி, மறுபடி கட்டி வாங்குவது.

மூன்றுக்கும் விடாப்பிடியான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான தொப்பிகளுக்கு முதல் வழியே போதும் என்பது என் கட்சி. இரண்டாவதை வேறு வழியில்லாதபோது மட்டும் நினைக்கலாம். மூன்றாவது, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கு. இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் ஃபெல்ட் அல்ல, தொப்பிக்குள் நெற்றியைச் சுற்றி ஓடும் தோல் பட்டை.

ஃபெல்ட் நெய்த துணி இல்லை. முயல், பீவர் போன்ற விலங்குகளின் மெல்லிய உள்முடியைச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டு அழுத்தி அழுத்தி, சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்ததுதான் ஃபெல்ட். அதனால் எத்தனை வருடம் ஆனாலும் ஆவி பட்டால் இளகும், கையால் வடிவம் கொடுக்கலாம், ஆறினால் அப்படியே நிற்கும். தவறாக மடித்துவிட்டால் திரும்ப ஆவி காட்டி எடுத்துவிடலாம். தோல் அப்படியல்ல. பழைய, காய்ந்த தோலில் சூடும் ஈரமும் ஒன்றாகப் பட்டால் சுருங்கிவிடும், சுருங்கினால் சுருங்கியதுதான். அந்தப் பட்டையில்தான் தயாரிப்பாளர் பெயரும், விற்ற கடையின் பெயரும் தங்க எழுத்தில் அழுத்தியிருக்கும். பட்டையை வெளியே திருப்பிப் பார்த்தால், பல தொப்பிகளில் அதன் பின்பக்கம் சின்னதாக ஒரு காகிதச் சீட்டும் இருக்கும்: அளவு, மாடல் எண், சில சமயம் நிற விவரம். கடைக்காரர் அதே தொப்பியை மறுபடி ஆர்டர் செய்வதற்காக ஒட்டிய சீட்டு அது. இன்று தொப்பியின் காலத்தைக் கணிக்க நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சியே அதுதான்.

காலம் தெரிவது வெறும் சேகரிப்பாளர் ஆர்வத்துக்காக மட்டும் இல்லை. முடியை ஃபெல்ட் ஆக்குவதற்கு ஒரு காலத்தில் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். அதில் முடியின் செதில்கள் எழும்பி நன்றாகப் பின்னிக்கொள்ளும். அந்த வேலை செய்தவர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது, மனநிலை கலங்கியது. அமெரிக்காவில் தொப்பித் தொழிலின் மையமாக இருந்த கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரத்தின் பெயரையே அந்த நடுக்கத்துக்கு வைத்தார்கள். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஃபெல்ட்டுக்குப் பாதரசம் போடுவது 1941-இல்தான் நின்றது. அதற்கு முந்தைய முடி ஃபெல்ட்டில் பாதரசத்தின் மிச்சம் இன்னும் இருக்கலாம். ஆகவே, 1920-களின் தொப்பி என்று தெரிந்தால் ஆவி காட்டுவதையும் உப்புத்தாள் போடுவதையும் விட்டுவிடுங்கள். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் மெதுவாகத் தூசி தட்டுவதோடு நிறுத்துவது நல்லது. குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. கம்பளி ஃபெல்ட்டுக்கு இந்தப் பாதரச வேலை தேவைப்படவில்லை. ஆனால் அது முரடாக, தடிமனாக இருக்கும், மழையில் நனைந்தால் சுருங்கித் தொய்ந்துபோகும்.

சரி, முதல் வழி. தூரிகை குதிரைமுடியில் இருக்கட்டும். கறுப்புத் தொப்பிக்கு ஒன்று, வெளிர் நிறத்துக்குத் தனியாக இன்னொன்று. இடப்பக்கமாகச் சுற்றி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தடவ வேண்டும். முடி படிந்திருக்கும் போக்கு அது. ஆவி காட்டுவதற்கு முன்னாலேயே தூசி முழுக்கப் போயிருக்க வேண்டும். அவசரப்பட்டு முதலில் ஆவி காட்டினால் தூசி ஈரத்தோடு ஃபெல்ட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும்.

அப்புறம் கெட்டில். மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேல்புறம் மட்டும் ஆவி படும்படி தொப்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்ப வேண்டும். தொப்பியைக் கவிழ்த்து வாய்க்குள் ஆவியை விடுவது பலர் செய்கிற காரியம், பட்டை சுருங்குவது அங்கேதான். விளிம்பு நெளிவுக்கு அந்தந்த இடத்தில் மட்டும் ஆவி காட்டி, மேசையின் ஓரத்தில் விளிம்பை வைத்து, பருத்தித் துணியை மேலே போட்டு உள்ளங்கையால் அழுத்தினால் போதும். ஃபெல்ட் இளகுவது விரலுக்கே தெரியும்: அட்டை போல விறைத்திருந்தது திடீரென்று வழிவிடும். அந்த நிமிடத்தில் வடிவம் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மேலும் மேலும் நோண்டினால் முன் மடிப்பின் கூர்மை போய்விடும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு முல்தானி மட்டி நன்றாகக் கைகொடுக்கும். வெளிர் சாம்பல், வெண்மை, மணல் நிறத் தொப்பிகளில் உலர்ந்த பொடியைத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டி எடுத்தால் பிசுக்கில் பாதியாவது பொடியோடு வந்துவிடும். அடர் நிறத் தொப்பியில் இதைத் தொடாதீர்கள். வெள்ளைப் படலம் நின்று உயிரை வாங்கும். இந்த வழியால் முடியாதது ஒன்று உண்டு: ரிப்பனைத் தாண்டி ஃபெல்ட்டில் ஊறிப் பழுத்த வியர்வைக் கறை. அது கொஞ்சம் மங்கும், போகாது.

அந்தக் கறைக்காகத்தான் ஆட்கள் நாஃப்தா பக்கம் போகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. நாஃப்தாவில் தண்ணீர் இல்லை, அதனால் ஃபெல்ட் சுருங்காது. ஃபெல்ட்டை விறைப்பாக்கப் போட்ட அரக்கையும் அது கரைக்காது. அரக்கு கரைவது ஸ்பிரிட்டில். (விறைப்பான பவுலர் தொப்பியைச் சானிடைசர் போட்டுத் துடைத்தால் கறை போகும் முன் விறைப்பு போய்விடும்.) எண்ணெய், கிரீஸ், தலைக்குப் போடும் பொமேடு எல்லாம் நாஃப்தாவில் அழகாகக் கழன்றுவரும். ஆனால் வியர்வையில் எண்ணெய் மட்டுமா இருக்கிறது? உப்பும் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலியத்தில் கரையாது. எண்ணெய் போய், வெள்ளைக் கோடு போட்டாற்போல உப்பு மட்டும் தெரிகிற தொப்பியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

தோல் பட்டைக்கு இது எமன். ஃபெல்ட்டிலிருந்து எண்ணெயை இழுக்கிற அதே கரைப்பான், தோலுக்குள் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் இழுத்துவிடும். இரண்டு நாள் கழித்துப் பட்டையை மடித்தால் நொறுங்கும். பட்டையைத் தையல் பிரித்து எடுத்துவிட்டுத்தான் முக்க வேண்டும் என்றால், அது வீட்டு வேலையே இல்லை, மூன்றாவது வழியின் பாதி வேலை ஆகிவிட்டது. போதாததற்கு, நாஃப்தா ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பக்கத்து அறை அடுப்பு வரை போய்ப் பற்றிக்கொள்ளும். வீட்டுக்குள் செய்யவே வேண்டாம். லாண்டரியில் கொடுத்துவிடலாமே என்றால், பெர்க்ளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை ஊற்றிச் சட்டையோடு சேர்த்து உருட்டும் டிரம்மில் போட்டால் தொப்பி என்ன வடிவத்தில் திரும்பும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது வழிக்கு வருவோம். நல்ல கைவினைஞரிடம் கொடுத்தால் ரிப்பன், லைனிங், பட்டை மூன்றையும் எடுத்துவிட்டு, வெறும் ஃபெல்ட்டை மட்டும் சுத்தம் செய்வார். நிறைய ஆவி காட்டி மர அச்சில் இறுக்கி இழுப்பார், விளிம்பை அதற்கான வளைந்த பலகையில் வைத்துத் தேய்ப்பார், மேற்பரப்பை மென்மையான உப்புத்தாளால் மழிப்பார், புதுப் பட்டையும் ரிப்பனும் தைப்பார். 57 செண்டிமீட்டர் தொப்பியை 58 ஆக்குவதும் இந்த வழியில் சாத்தியம். உருக்குலைந்து, யாரோ உட்கார்ந்து நசுக்கி, மழையில் ஊறிக் கிடந்த தொப்பியை இது ஒன்றுதான் மீட்கும். அந்த வேலைக்கு எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் இதில் எதை இழக்கிறோம் என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். உப்புத்தாள் ஒவ்வொரு முறையும் ஃபெல்ட்டைக் கொஞ்சம் மெலிய வைக்கிறது. நீள முடி விட்டு வெல்வெட் போலப் பளபளக்கும் ஃபெல்ட்டை மழித்தால் அதன் அழகே போய்விடும். பாதரசக் காலத்துத் தொப்பியில் உப்புத்தாள் கிளப்பும் தூசி கைவினைஞருக்கே ஆபத்து. புதுப் பட்டை வந்தால் பழைய கடையின் பெயரும் காகிதச் சீட்டும் குப்பைக்குப் போகலாம். அதனால் கொடுக்கும்போதே மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள். பழைய பட்டை தாங்குமானால் பழைய தையல் ஓட்டைகளிலேயே திரும்பத் தைக்க முடியுமா? தாங்காவிட்டால் அதையும் சீட்டையும் ரிப்பனையும் தனிப் பையில் போட்டுத் திருப்பித் தருவாரா? உப்புத்தாள் இல்லாமல் முடிக்க முடியுமா? இந்த மூன்றையும் கேட்டதும் சலித்துக்கொள்கிறவரிடம் பழைய தொப்பியைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம். காய்ந்திருந்தாலும் முழுசாக இருக்கும் தோலுக்கு, தோல் பொருட்களுக்கென்றே விற்கும் கண்டிஷனரைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் இடைவெளி, வேண்டுமானால் இன்னொரு பூச்சு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தோலோடு நிற்காது, ஃபெல்ட்டுக்குத் தாவிப் புதுக் கறை போடும், சிக்கு வாடையும் வரும். விரலால் தொட்டால் செம்பொடியாக உதிரும் தோலுக்கு இந்தக் கண்டிஷனர் பலன் தராது, கறுத்துத்தான் போகும். அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கிழிசலுக்கு, அருங்காட்சியகங்களில் செய்வதுபோல் ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை மாவுப் பசையால் பின்புறம் ஒட்டலாம். இது ஈரம் கொஞ்சமாகப் படும் வேலை, நிதானமான கை வேண்டும்.

ஃபெல்ட்டுக்குச் சொன்னதை மற்ற தொப்பிகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். ஈக்குவடாரில் டோகியா நாரால் பின்னும் பனாமா தொப்பிக்கு வறட்சிதான் எதிரி. உச்சியைக் கிள்ளிக் கிள்ளித் தூக்கினால் அந்த இடத்தில் முறியும். வடிவம் திருத்தும் முன் லேசாக ஈரம் காட்ட வேண்டும். பட்டு டாப் ஹாட்டில் பட்டுத் துணிக்கு அடியில் அரக்கு பூசிய துணிக்கூடுதான் வடிவத்தைத் தாங்குகிறது. சூடு கூடினால் அது இளகிவிடும். மேலே போர்த்திய அந்தப் பளபளப்பான பட்டுத் துணி வகையை இன்று யாரும் நெய்வதில்லை. ஆகவே வெல்வெட் துணியால் நீவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் காலத்து சோலா தொப்பி நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அது நெட்டியில் செய்தது, தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்குகிறார்களே, அதே நெட்டி. தண்ணீர் பட்டால் உறிஞ்சி உப்பும், மேலே ஒட்டிய துணியின் பசையும் விட்டுவிடும். இதற்கு ஆவி, நாஃப்தா எதுவும் கிடையாது; உலர்ந்த மென்மையான தூரிகை மட்டும். உள்ளே நெட்டி உடைந்திருந்தால் தொப்பிக் கடையைத் தேடுவதைவிட நெட்டி வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுவது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். அந்தப் பொருளை எப்படி வெட்ட வேண்டும், எப்படி ஒட்ட வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

கடைசியாக, வைப்பதில் உள்ள போட்டி: அந்துருண்டையா, ஃப்ரீசரா? ஃபெல்ட் முடியால் ஆனது, அந்துப்பூச்சியின் புழு அதைத் தின்னும். அந்துருண்டை வாடை தொப்பியைவிட்டுப் போகவே போகாது, அதன் ஆவி லைனிங் உச்சியில் உள்ள சில பழைய பிளாஸ்டிக் வகைகளை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பூஞ்சைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் ஃப்ரீசர் பக்கம். தொப்பியை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல், பையோடு ஒரு நாள் அறையில் இருக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த ஃபெல்ட்டின் மேல் ஈரம் பூத்துவிடும். புதிதாக வாங்கிய எந்தப் பழைய தொப்பியையும், மற்றவற்றோடு அலமாரியில் உச்சி கீழாகக் கவிழ்த்து வைப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும்.