1541 வட்டு இயக்கி: பழுது பார்ப்பதா, எஸ்டி கார்டுக்கு மாறுவதா?

கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்காக 1982-இல் வந்த 1541 வட்டு (ஃப்ளாப்பி) இயக்கியைப் பரணிலிருந்து இறக்கும் எவருக்கும், அதைப் பழுது பார்ப்பதா, எஸ்டி கார்டு செருகும் சிறு கருவியை அதன் இடத்தில் வைப்பதா என்ற கேள்வி எழும்.

பழுது பார்ப்பதில் பெரிய தலைவலி, வட்டைப் படித்து எழுதும் முனையின் சீரமைப்பு. முதல் தடத்தை உணரும் சென்சார் இந்த இயக்கியில் இல்லாததால், வட்டை ஃபார்மட் செய்யும்போதும் பிழை நேரும்போதும் முனை தடுப்பில் தடதடவென்று மோதித்தான் தொடக்க இடத்தை அடைகிறது. அந்த மோதலே நாளடைவில் முனையை இடம் பிசகச் செய்கிறது. முனையைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மாற்று மின்தேக்கிகளும் சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் தேடினால் கிடைத்துவிடும். சீரமைப்பைச் சோதிக்க நல்ல இயக்கியில் எழுதப்பட்ட வட்டு கிடைப்பதுதான் அரிது. சென்னையின் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்த வட்டைச் செருகினால், துடைத்த முனை உடனே மீண்டும் அழுக்காகிவிடும்.

எஸ்டி கார்டில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஒரு வட்டுப் பக்கத்தில் 170 கிலோபைட்தான் அடங்கும்; கார்டிலோ ஆயிரக்கணக்கான வட்டுகளின் பிரதிகளை வைக்கலாம். ஆனால் 1541-க்குள் தனியாக ஒரு 6502 செயலி இருக்கிறது. அதற்கே நேரடியாக நிரல் அனுப்பும் விளையாட்டுகள் பல, எஸ்டி2ஐஇசி என்ற எளிய எஸ்டி கார்டு கருவியில் ஓடுவதில்லை. ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில் இயங்கும் பை1541 அந்தச் செயலியையும் போலச் செய்வதால், சற்றுக் கூடுதலாகச் செலவழித்தாலும் அதுவே மேல்.

சொந்தக் கையால் எழுதிய பழைய வட்டுகள் வீட்டில் இருந்தால், எந்தக் கார்டும் அவற்றைப் படிக்காது என்பதால், இயக்கியைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.