முதலில் பரிசோதனையா, கோதுமையை நிறுத்திப் பார்ப்பதா?

சப்பாத்தி, பரோட்டா சாப்பிட்டால் வயிறு உப்புகிறதா? உடனே நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத வழி. ஆனால் குணம் தெரிந்தாலும் காரணம் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம்தான் என்று சொல்ல முடியாது. கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் வாயுவைக் கிளப்பும். அது வெங்காயம், பூண்டிலும் உண்டு.

குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயைக் கண்டறிய டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை. கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் முடிவு பொய்யாக 'இல்லை' என்று வரலாம். பரிசோதனைக்கு முன் 6 வாரமாவது தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் பிடிபடாமல் போகலாம். ரத்தசோகை, எடை இழப்பு, குடும்பத்தில் சீலியாக் இருந்தால் பரிசோதனையே முதலில்.

உறுதியானால் ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பதுதான். அரிசி, உளுந்தில் செய்த இட்லி, தோசையில் கவலையில்லை. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்தான் பெரும்பாலும் கோதுமை மாவு ஒளிந்திருக்கும்!