கேம் நடுவுல லேப்டாப் பட்டுனு ஆஃப் ஆகுதா? கூலிங் பேடா, பேஸ்ட் மாத்துறதா, பவரைக் குறைக்கிறதா

கேமிங் லேப்டாப் க்ராஷ் ஆகுதுன்னு யாரைக் கேட்டாலும் மூணு பதில்தான் வரும், கூலிங் பேட் வாங்கு, தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பசை) மாத்து, இல்லன்னா செட்டிங்ஸ்ல பவரைக் குறை. மூணுமே வேலை செய்யும், ஆனா எதுல ஆரம்பிக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். என்னைக் கேட்டா காசே செலவாகாத மூணாவதைத்தான் முதல்ல பண்ணணும், ஏன்னா பிரச்சனை எங்கன்னு காட்டிக் கொடுக்கிற டெஸ்ட்டும் அதுதான்.

அதுக்கும் முன்னாடி எப்படி க்ராஷ் ஆகுதுன்னு பாருங்க. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வந்துச்சுன்னா, இல்ல ஸ்கிரீன் கருப்பாகி திரும்ப வந்துச்சுன்னா பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரோ கேம் ஃபைலோதான் காரணம். சேஃப் மோடுல டிடியூ (டிரைவரை அடியோட எடுக்கிற டூல்) வச்சு பழைய டிரைவரை சுத்தமா எடுத்துட்டு புதுசு போடுங்க. ப்ளூ ஸ்கிரீன் ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர்ல வந்தா ரேம் மேல சந்தேகப்பட்டு மெம்டெஸ்ட்86னு ரேம் டெஸ்ட் ஒண்ணை ஓட்டுங்க. கரண்ட் போன மாதிரி மொத்தமா ஆஃப் ஆனா விண்டோஸோட ஈவண்ட் வியூவர்ல (சிஸ்டம்ல நடந்தது பதிவாகிற இடம்) கெர்னல்-பவர் 41னு ஒண்ணு நிக்கும், அதைப் பார்த்து பேட்டரி போச்சு போர்டு போச்சுன்னு பயப்படாதீங்க, ஒழுங்கா ஷட் டவுன் ஆகலைன்னு மட்டும்தான் அது சொல்லுது, ஏன்னு சொல்லாது.

ஏன்னு தெரியணும்னா எச்டபிள்யூஇன்ஃபோன்னு டெம்பரேச்சர் காட்டுற சாஃப்ட்வேர் போட்டு, அதை ஃபைல்ல பதியுற லாக்கை ஆன் பண்ணிட்டு கேம் ஆடுங்க. ஆஃப் ஆனதுக்கப்புறம் அந்த ஃபைலைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்க, டெம்பரேச்சர் 96, 98, 99னு ஏறி அதோட ஃபைல் நின்னிருந்தா ஹீட் பக்கம் போகலாம். 78லயே நின்னிருந்தா கூலிங் பேட் வாங்கி எந்தப் பிரயோஜனமும் இல்ல, சார்ஜரைப் பாருங்க, 180 வாட் கேட்கிற மெஷினுக்கு 120 வாட் டூப்ளிகேட் மாட்டியிருந்தா லோடு ஏறும்போது இப்படித்தான் பண்ணும். இன்னொண்ணு, பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்புக்கு 100 டிகிரி எல்லை, ரைசன்ல மாடலைப் பொறுத்து 95ல இருந்து 105 வரை, அந்த எல்லையைத் தொட்டா சிப்பு முதல்ல தன் வேகத்தைத்தான் குறைச்சுக்கும். அதையும் மீறி ஆஃப் ஆகுதுன்னா ஃபேனோ பேஸ்ட்டோ ரொம்ப மோசமா இருக்கு, இல்ல பக்கத்துல இருக்கிற பவர் பார்ட்ஸ் தாங்கலைன்னு அர்த்தம்.

இப்போ பவர் குறைக்கிறது. பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்கினா டர்போ (தேவைப்படும்போது சிப்பு தானா வேகம் ஏத்திக்கிறது) நின்னுடும், இன்டெல் 10750எச் மாதிரி சிப்பு 5 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறாம 2.6 பக்கத்துலயே ஓடும். கூடவே கிராபிக்ஸ் செட்டிங்ஸ்ல 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) லிமிட் வைங்க. மெனு ஸ்கிரீன்லயே கார்டு முழு வேகத்துல ஓடுற கேம் இருக்கு, 2021ல நியூ வேர்ல்ட் கேமோட பீட்டால சில ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டு செத்துப்போனப்போ மெனுவுக்கு எஃப்பிஎஸ் லிமிட் வச்சு பேட்ச் விட்டாங்க. ரெண்டும் வச்சப்புறம் ஆஃப் ஆகாம ஓடுச்சுன்னா பிரச்சனை ஹீட்டோ பவரோதான்னு உறுதி. குறை என்னன்னா சிபியு கனமா தேவைப்படுற கேம்ல எஃப்பிஎஸ் நல்லாவே விழும். வேகம் குறையாம ஹீட் குறைக்க அண்டர்வோல்ட் (சிப்புக்குப் போற வோல்டேஜைக் குறைக்கிறது) இருந்துச்சு, 2019 கடைசியில ப்ளண்டர்வோல்ட்ங்கிற செக்யூரிட்டி ஓட்டை வெளிய வந்ததும் நிறைய இன்டெல் லேப்டாப்ல பயாஸ்லயே பூட்டிட்டாங்க, உங்க மாடல்ல திறந்திருந்தா அதிர்ஷ்டம்.

நிரந்தரமா சரியாகணும்னா கிளீனிங்கும் பேஸ்ட்டும்தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. அடி மூடியைக் கழட்டினா ஃபேன்ல தூசி லேசாத்தான் தெரியும், ஃபேனைத் தூக்கினாத்தான் அதுக்கும் சூட்டை வெளியேத்துற செம்பு ஃபின்னுக்கும் நடுவுல சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி ஒரு பட்டை அடைச்சு நிக்கிறது தெரியும், வெளியில இருந்து ஊதினா அது அசையாது. காத்து அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, சுத்த விட்டா கெட்டுப்போகும். லேப்டாப் சிப்புக்கு மேல உலோக மூடி இல்லாததால சாதா பேஸ்ட் சூடாகி ஆறி சூடாகி ஆறி ஓரத்துக்கு வழிஞ்சுடும், அதனாலதான் இப்போ பேஸ்ட்டுக்குப் பதிலா வைக்கிற பிடிஎம் 7950 ஷீட்டை எல்லாரும் கேட்கிறாங்க, சூட்டுல இளகி ஒட்டிக்கும், லேசுல வழியாது. வாரண்டி இருந்தா முதல்ல சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு கை வைங்க, பேஸ்ட்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் போட்ட மாடலா இருந்தா தெரியாத கடையில குடுக்கவே வேண்டாம், அது ஒரு துளி போர்டுல சிந்தினாலும் ஷார்ட் ஆகிடும்.

கூலிங் பேடுக்கு நான் கடைசி இடம்தான் குடுப்பேன். உள்ள அடைச்சிருக்கிற தூசியை அது எடுக்காது, சாதா யூஎஸ்பி பேட் சில டிகிரி குறைக்கும் அவ்வளவுதான், பின்பக்கத்தை ரெண்டு இன்ச் தூக்கி வச்சாலே அதுல பாதி கிடைச்சிடும். சுத்தி ஃபோம் வச்சு அடைச்சு காத்தை உள்ள தள்ற பெரிய பேட் நிஜமாவே நல்லா குறைக்கும், ஆனா விலையும் சத்தமும் ஜாஸ்தி. மெத்தை மேல வச்சு ஆடுறவங்க எதையும் வாங்குறதுக்கு முன்னாடி டேபிளுக்கு மாறுங்க.

பேஸ்ட் மாத்தினதும் அதே கேமை அதே செட்டிங்ஸ்ல ஒரு மணி நேரம் ஓட்டி பழைய லாக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. டிகிரி நல்லா இறங்கியும் ஆஃப் ஆகுதுன்னா ஒரிஜினல் சார்ஜர் ஒண்ணு கடன் வாங்கியாவது மாட்டிப் பாருங்க, அதுலயும் ஆச்சுன்னா போர்டு லெவல் வேலை தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டு லாக்கையும் சேர்த்துக் குடுங்க.