“ஒரு நூல்கூடத் தட்டாது அக்கா” என்று விற்ற குளிர்கால பூட்: 2,850 ரூபாய் போச்சு

தொடு உணர்ச்சி அதிகமுள்ள பிள்ளைக்கு இந்தப் பனிக்கு பூட் தேடுகிறவர்கள், அதிலும் மூணாறு, தேவிகுளம் பக்கம் இருக்கிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2,850 ரூபாய் போயிருக்கிறது. கடைப் பெயர் போடவில்லை, புகார் நடக்கிறது. சிறப்புக் குழந்தைகளுக்கான சாமான் மட்டும் விற்கிறோம் என்று படம் போட்டு, மெசேஜிலேயே ஆர்டர் வாங்கும் ஆன்லைன் கடை. அவ்வளவு சொன்னால் போதும், இந்த மாதிரி ஏகப்பட்டது இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் விடியற்காலை புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். செருப்போடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. பிவிசி கம்பூட்டும் உதவாது. குளிரில் விறைத்துவிடும், உள்ளே வேர்வை வெளியேற வழியில்லை, ஈரமான காலுறை சுருண்டு விரலடியில் போய் உட்காரும். மற்ற பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரத்தில் மூளை அந்த உரசலை ஒதுக்கிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு அது ஒதுங்காது. ஒரு நூல் முடிச்சு, மாலைவரை முள்ளாகவே குத்தும். அதை அடம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை.

அதனால் கேள்விகள் தெளிவாகவே போயின. விரல் மடங்கும் இடத்தில் உள்தையல் உண்டா? பூட்டின் நாக்கில், அதாவது கயிற்றுக்கு அடியில் வரும் மடலில், லேபிள் தைத்திருக்கிறதா? குதிகால் பட்டை கெட்டியா? பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது. மோதிரம் போட்ட கை ஒன்று பூட்டுக்குள் நுழைந்து நுனிவரை தடவி, உள்துணியை வெளியே இழுத்துக் காட்டியது. ஒரே துண்டு, தையலே கண்ணில் படவில்லை. கூடவே குரல்: “எங்க அக்கா பையனுக்கும் இதே பிரச்சினைதான். ஒரு நூல்கூடத் தட்டாது அக்கா. பிடிக்கலைன்னா ஏழு நாள்ல திருப்பி அனுப்புங்க, முழுப் பணமும் தந்துடறோம்.”

அந்த “எங்க அக்கா பையன்” இருக்கிறதே, அதுதான் தூண்டில். வீட்டுக் கதை சொல்கிறவரிடம் ரிட்டர்ன் நிபந்தனையை எழுத்தில் கொடு என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அது தெரிந்துதான் சொல்கிறார்கள். மலைக்கு கேஷ் ஆன் டெலிவரி கிடையாதாம், முழுத் தொகையும் முன்பணம். 2,850 ரூபாய்.

வந்தது வேறு சாமான். வெளியே அதே நீலம், அதே ‘சென்சரி ஃப்ரெண்ட்லி’ (தொடு உணர்ச்சி அதிகமுள்ளவர்களுக்கு உறுத்தாது என்று அர்த்தம்) ஸ்டிக்கர். உள்ளே முன்பக்கத் துணியும் பக்கத் துணியும் சேரும் இடத்தில் தடித்த தையல், சரியாகச் சுண்டுவிரல் மேல். நடக்கும்போது பூட் மடங்குவதும் அங்கேதான், ஆக ஒவ்வோர் அடிக்கும் அழுத்தும். இன்சோல், அதாவது பாதத்துக்கு அடியில் வரும் உள்தாள், அதன் ஓரத்தில் பசை வழிந்து கட்டியாகியிருக்கிறது. நாக்கில் நைலான் லேபிள். அட்டையைவிடக் கெட்டியான குதிகால் பட்டை, அதன் மேல்விளிம்பு மடித்துத் தைக்காமல் விட்டது. பசை நாற்றம் வெயிலில் வைத்தும் போகவில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு நாற்றம் ஒன்றே போதும், கால் நுழைக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில், “போட்டுப் பழகினா சரியாயிடும்.” அடுத்து, “டபுள் சாக்ஸ் போட்டு விடுங்க அக்கா.” சிறப்புக் குழந்தைகளுக்கே கடை நடத்துகிறவர் சொல்கிற யோசனையா இது? இரண்டு காலுறை என்றால் இரண்டு விரல்தையல், நடுவில் மடிப்பு. பூட் இறுகிவிடும், காலைச் சுற்றிக் காற்றுக்கு இடமில்லாமல் போய் முன்னைவிட அதிகமாகக் குளிரும். அப்புறம், பார்சல் பிரித்த வீடியோ எங்கே என்றார்கள். அனுப்பியதும், “சோல்ல தூசி இருக்கு, யூஸ் பண்ணிட்டீங்க.” அப்புறம், “உங்க பின்கோடுக்கு பிக்கப் இல்லை.” அனுப்பும்போது மட்டும் அந்தப் பின்கோடு இருந்ததா? கடைசியில் 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம், அவர்கள் கடையிலேயே வாங்க! 2,850 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன். வேண்டாம் என்றதும் பிளாக்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தது. இப்போது அதற்குப் பொறுமையில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ‘சென்சரி’ என்று பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதை நம்பாதீர்கள். விற்பனை வீடியோ வேண்டாம். உங்களுக்கு வரப்போகும் அதே ஜோடியில், சைஸ் எண் தெரிய, இன்சோலை உருவிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் படம் கேளுங்கள். இன்சோல் உருவ வராது என்றால் ஒட்டியது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். அளவைச் சாயங்காலம், நிற்க வைத்து, இரண்டு காலுக்கும் எடுங்கள். பெரிய காலின் நீளத்தோடு 1 சென்டிமீட்டர், கம்பளிக் காலுறைக்கு இன்னும் அரை. காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் விரல்தையல் வெளியே போய்விடும். லேபிளைக் கத்தரிக்காதீர்கள், வெட்டிய முனை இன்னும் குத்தும். லேபிளின் தையலைப் பிரித்து எடுங்கள், ஆனால் பூட்டை வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான்.

கூரியர் லயம் (எஸ்டேட் வரிசை வீடு) வரைக்கும் வராது என்றால் பஜாரில் உள்ள கூரியர் ஆபீஸிலேயே வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். மண்ணில் வைக்காதீர்கள், பாயில் நடக்க விடுங்கள். ரிட்டர்ன் பேச்சு குரலாக வந்தால் அதையே டைப் செய்து அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் உங்களை பிளாக் செய்வதற்கு முன்பே சாட், பணம் அனுப்பிய ரசீது, அவர்களுடைய வீடியோ எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள், அவர்கள் பக்கத்தில் அழித்துவிடுவார்கள்.