சர்வரைக் கிளவுடுக்கு மாற்றிய பிறகு: ஓர் உரக்கடையின் அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரில் டயர் கடை வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். "அண்ணே, ஆபீஸ் சர்வரை எடுத்துட்டு நீங்க கிளவுடுக்குப் போய்ட்டீங்க. நானும் மாறலாமா?" கிளவுடு என்றால் வேறிடத்து டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்து, இணையம் வழியாக வேலை வாங்கும் சர்வர். அவர் கேட்ட நேரத்தில் எங்கள் கடை வாசலில் உரம் ஏற்றிய லோரி, டி.ஓ. (சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டர் சீட்டு) கைக்கு வராமல் நின்றுகொண்டிருந்தது. நான் சொன்ன பதில் சூடாகத்தான் இருந்தது. இதை ஆற அமர எழுதுகிறேன். ஆனாலும் அந்தச் சூடு முழுதாக ஆறிவிடவில்லை.

எங்கள் கடை அதே மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். உரம், களைக்கொல்லி, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், தள்ளுவண்டி என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு அனுப்புகிறோம். கணக்கு மென்பொருள் ஓடிய சர்வர் பின்னறையில், உர மூட்டை வாசனைக்கு நடுவே, இரவும் பகலும் ஏர்கோன் காற்றில் இருந்தது. அதில் இருந்தது விண்டோஸ் சர்வர் 2012. 2023 அக்டோபர் 10-ஓடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புது சர்வர் வாங்குவதா, கிளவுடுக்குப் போவதா என்று அண்ணனும் நானும் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு மத்தியான இடியில் பவர் சப்ளை கருகிப் போனது. அதோடு பேச்சு முடிந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய நல்லது. இந்தப் பக்கம் மத்தியானம் வானம் இருட்டினாலே என் அண்ணி எழுந்து போய் பிளக்கைப் பிடுங்குவார். யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் செத்துவிடும். செத்தது கரண்ட் போகும்போதுதான் தெரியும். இன்று இடி இடித்தால் மோடம் போகலாம், ஒரு கணினி போகலாம். கணக்கு போகாது. தினமும் இரவில் சர்வரின் முழுப் பிரதி தானாக எடுக்கப்படுகிறது. வருமான வரி வாரியத்துக்கு ஏழு ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டிய கடைக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்பது, பழைய ஹார்டிஸ்கைக் காதில் வைத்து சத்தம் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்வாய்ஸை மின்வழியாக வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸ் முறை வந்தபோது இந்த மாற்றத்தின் அருமை இன்னும் புரிந்தது. 2024 ஆகஸ்ட் 1-ல் ஆண்டுக்குப் பத்து கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகளிடம் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரியில் எங்கள் அளவுள்ள கடைகளுக்கும் வந்தது. ஒவ்வொரு இன்வாய்ஸும் வாரியத்தின் கணினிக்குப் போய், சரிபார்க்கப்பட்டு, தனி எண்ணும் கியூஆர் குறியீடும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். தவறு இருந்தால் ரத்து செய்ய 72 மணி நேரம்தான். சர்வர் டேட்டா சென்டரில் இருப்பதால், கடையின் லைன் அறுந்தாலும் அது பாட்டுக்கு அனுப்பி முடித்துவிடும். ஈப்போவில் இருக்கும் எங்கள் கணக்காய்வாளரும் அங்கிருந்தபடியே புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்கிறார். பெண்டிரைவ் எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு ஓடும் வேலை ஒழிந்தது.

இனி டி.ஓ. விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அந்தச் சீட்டுதான் உயிர். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று அடுக்குக் காகிதம். ஒன்பதரை அங்குல அகலம், ஐந்தரை அங்குல நீளம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஊசியால் அடித்தால்தான் மூன்று தாளிலும் எழுத்து பதியும், லேசரில் முடியாது. தோட்டத்து ஸ்டோர் கிராணி (குமாஸ்தா) அதில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் எங்களுக்குக் காசு வரும். டி.ஓ. இல்லாமல் லோரி போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிராணியையும் குறை சொல்ல முடியாது, அவர் மேல் ஆடிட் இருக்கிறது.

சர்வர் பின்னறையில் இருந்த காலத்தில் பட்டனை அழுத்தினால் சீட்டு கிர்ரென்று வந்து விழும். பிரிண்டருக்கு எழுத்தை மட்டும் கொடுத்தால் போதும், தன்னிடம் இருக்கும் எழுத்துருவில் அதுவே அடித்துவிடும். கிளவுடில் இருக்கும் சர்வருக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது அதன் திரையை நம் கணினியில் திறந்து, நுழைந்து வேலை செய்யும்போது கதை வேறு. அங்கே ஈஸி பிரிண்ட் என்று ஒரு வழி இருக்கிறது. பக்கத்தைப் பொதுவான ஒரு வடிவத்துக்கு மாற்றி நம் கணினிக்கு அனுப்பும். நம் கணினி அதைப் படமாக வரைந்து பிரிண்டருக்குக் கொடுக்கும். லேசருக்கு அது பொருந்தும். டாட் மேட்ரிக்ஸ் ஒவ்வொரு எழுத்தையும் வரி வரியாகக் கோலம் போடுவது போல வரையும். போதாததற்குக் காகிதத்தை ஏ4 என்று எண்ணிக்கொண்டு கிழிகோட்டைத் தாண்டித் தள்ளிவிடும், அடுத்த டி.ஓ. நடுத்தாளில் தொடங்கும்.

இதற்கு வழி உண்டு. பிரிண்டரின் சொந்த டிரைவர் மென்பொருளைச் சர்வரிலும் ஏற்றி, ஈஸி பிரிண்டுக்கு முதலிடம் கொடுக்கும் விதியை அணைத்து, ஒன்பதரைக்கு ஐந்தரை என்று காகித அளவை அங்கேயே பதிந்து வைக்க வேண்டும். எங்களுக்கு இதை அமைத்துக் கொடுத்தவர்கள் இதில் எதையும் சொல்லவில்லை. "காகிதம் வேண்டாம் சார், பி.டி.எஃப். அனுப்புங்க" என்றார்கள். தோட்டத்து ஸ்டோருக்கு ஒரு தடவையாவது போயிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதைச் சரி செய்த பின்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ரிமோட்டில் தெரியும் பிரிண்டர் பெயருக்குப் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். புதிதாக நுழையும்போது அந்த எண் மாறும். கணக்கு மென்பொருள் பழைய பெயரையே தேடிவிட்டு, பிரிண்டர் இல்லை என்று சொல்லிவிடும். எப்போதும் இயல்பான பிரிண்டரில் அடி என்று வைத்துவிடலாம்தான். ஆனால் எங்களுக்கு டி.ஓ.வுக்கு ஒன்று, இன்வாய்ஸுக்கு ஒன்று. கடைசியில் ரவுட்டரில் வி.பி.என். (கடைக்கும் சர்வருக்கும் நடுவே இணையத்தில் ஒரு தனிப்பாதை) போட்டு, பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்து, சர்வர் நேரடியாக அதோடு பேசும்படி செய்தோம். பெயர் மாறுவது நின்றது. ஆனால் ஃபைபர் அறுந்து 4ஜி சிம்முக்கு மாறும்போது வி.பி.என். மறுபடி எழக் கொஞ்ச நேரம் ஆகிறது. திரையில் வேலை ஓடும், ஏனென்றால் ரிமோட்டுக்குத் திரையில் மாறிய பகுதி மட்டும் வந்தால் போதும், சின்ன லைனே தாங்கும். சீட்டு மட்டும் வராது. லோரி டிரைவர் இன்ஜினை அணைக்காமல் ஹாரன் அடிப்பார். நண்பர் போன் செய்தது அப்படிப்பட்ட ஒரு நேரத்தில்தான்.

காசு விஷயம் சுருக்கமாக. கிளவுடு பில் அமெரிக்க டாலரில் வருகிறது. 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது, அதே ஆண்டு செப்டம்பரில் 4.12 அளவுக்கு இறங்கியது. நாங்கள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் பில் ஏறி இறங்கியது. 2024 மார்ச்சில் சேவை வரி 6-லிருந்து 8 விழுக்காடு ஆனது வேறு. அந்த ஆகஸ்டில் கிளவுடு சேவை தரும் அமேசான் மலேசியாவிலேயே டேட்டா சென்டர்களைத் திறந்துவிட்டது, ஆகவே தரவு சிங்கப்பூரில்தான் இருக்க வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. ஓராண்டுக்கு விடாமல் எடுத்துக்கொள்கிறோம் என்று கிளவுடு கம்பெனிக்கு உறுதி கொடுத்து எடுத்தால் விலை நன்றாகக் குறையும். சர்வர் விலை, ஏர்கோன், யு.பி.எஸ். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு நஷ்டமில்லை.

இத்தனைக்குப் பிறகும் நண்பருக்கு என் பதில்: இப்போது வேண்டாம். அவரும் தோட்ட லோரிகளுக்கு டயர் போட்டு மூன்று தாள் சீட்டில் கையெழுத்து வாங்குகிறவர். அவர் சர்வருக்கு இன்னும் வயதாகவில்லை. அதைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, தினசரி பேக்கப்பை மட்டும் கிளவுடுக்கு அனுப்பட்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பம், இடி பயமும் பாதி போய்விடும். பில்லை லேசரில் அடித்துக் கொடுக்கும் கிளினிக்கோ டியூஷன் சென்டரோ கேட்டிருந்தால் நாளைக்கே மாறுங்கள் என்பேன்.

நாங்கள் திரும்பப் போவதில்லை. இன்னோர் ஆண்டுக்கு உறுதி கொடுத்தாகிவிட்டது. டி.ஓ. மேசையில் மட்டும் கையால் எழுதும் மூன்று தாள் புத்தகம் ஒன்றை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.