டூல் நீளத்தை ஜாபில் தொட்டு எடுப்பதா, தனியாக அளப்பதா? பழைய சிஎன்சி மில்லிங்கில் மூன்று வழிகள்

பழைய வெர்ட்டிகல் மெஷினில், டூலைத் தொட்டதும் தானே எண்ணை எழுதிக்கொள்ளும் புரோப் இருக்காது. டூல் நீளத்தை, பொசிஷன் பக்கத்தைப் பார்த்து ஆஃப்செட் பக்கத்தில் (டூல், ஜாப் எண்களை வைக்கும் பக்கம்) நாமே தட்ட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒரே ஜாபில் (மெஷினில் வெட்டும் துண்டு) வைத்துப் பார்ப்போம். ஹோமிலிருந்து (மெஷினின் தொடக்கப் புள்ளி) ஸ்பிண்டில் நோஸ் (டூல் மாட்டும் ஸ்பிண்டிலின் கீழ் முகம்) ஜாபின் மேல்பரப்புக்கு வர 450 மி.மீ. இறங்க வேண்டும். நோஸுக்குக் கீழே டூல் 120.350 மி.மீ. நீண்டிருக்கிறது.

முதல் வழி, ஒவ்வொரு டூலையும் ஜாபின் மேல் தொட்டு, அப்போது தெரியும் மெஷின் இசட் எண்ணை அப்படியே எச்-இல் (அந்த டூலின் நீள எண் இருக்கும் இடம்) போடுவது. எச்01 -329.650, ஜி54 (ஜாபின் ஜீரோ எங்கே என்று சொல்லும் இடம்) இசட் 0. இரண்டாவது, மாஸ்டர் டூல்: மற்ற டூல்களை ஒப்பிட ஒரு டூலை வைத்துக்கொள்வது. 100 மி.மீ. மாஸ்டர் ஜாபைத் தொடும்போது வரும் -350 ஜி54-க்குப் போகும். மாஸ்டரைவிட டூல் எவ்வளவு நீளமோ அந்த 20.350 எச்01-க்குப் போகும். மூன்றாவது, முழு நீளம் 120.350-ஐ எச்-இல் வைத்து, ஜி54 இசட்டில் -450 போடுவது. கூட்டிப் பாருங்கள், மூன்றிலும் ஒரே -329.650தான் வரும்.

அப்படியானால் எதைச் செய்தாலும் ஒன்றுதானே? ஜாப் ஓடி முடியும்வரை ஒன்றுதான். டூல் உடையட்டும், அப்போது தெரியும்.

எட்டு டூல் ஜாப் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் கட்டர் மேல்பரப்பைச் சீவிவிட்டது, எண்ட் மில் பாக்கெட் போட்டுவிட்டது, நான்காவதாக வந்த டிரில் உடைகிறது. புது டிரில்லை எங்கே தொடுவது? முதலில் தொட்ட பரப்பு இப்போது இல்லை. சீவிய பரப்பில் தொட்டு, சீவிய ஆழத்தைக் கூட்டிப் போட வேண்டும். அந்த ஆழம் உண்மையில் எவ்வளவு என்று அளக்காமல் புரோகிராமை நம்பிப் போட்டால், அதிலிருக்கும் பிழை டிரில்லின் ஆழத்திலும் வந்து உட்காரும். முதல் வழியின் பலவீனம் இதுதான்: டூலுக்குச் சொந்தமான எண்ணையும் ஜாபுக்குச் சொந்தமான எண்ணையும் ஒரே எண்ணாகக் கலந்துவிடுகிறது.

மூன்றாவது வழிக்கு வெளியே பிரீசெட்டர் (டூல் நீளம் அளக்கும் தனிக் கருவி) வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டியதில்லை, மெஷினே போதும். டேபிளில் ஜாபுக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் 50 மி.மீ. ஹைட் செட்டரை (டூல் முனையைத் தொட வைக்கும், உயரம் தெரிந்த கட்டை) வையுங்கள். பெரும்பாலான மெஷின்களில் நோஸ் அவ்வளவு கீழே வராது. அதனால் 100 மி.மீ. நீளம் என்று அளந்து வைத்த ஒரு பின்னை ஹோல்டரில் பிடித்து செட்டரைத் தொட்டு, ரிலேட்டிவ் இசட்டை பூஜ்யம் ஆக்குங்கள். அப்புறம் டூலை மாட்டி அதே செட்டரைத் தொட்டால் 20.350 காட்டும். 100 கூட்டினால் டூல் நீளம் வந்துவிட்டது. புது ஜாப் ஏறினால் பின்னை மட்டும் ஜாபில் தொட்டு, வரும் எண்ணில் 100 கழித்து ஜி54-இல் போட்டால் போதும். எட்டு டூலின் எச் எண்களில் கை வைக்க வேண்டியதில்லை. டிரில் உடைந்தாலும் செட்டர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு லாபம் உண்டு. பழைய மெஷினில் ஹோம் எடுப்பது டாக் சுவிட்சை (ஹோம் நெருங்கியதைக் காட்டும் சுவிட்ச்) நம்பித்தான். டாக் நகர்ந்திருந்தால் ஹோம் ஒரு கிரிட் (மோட்டாரின் அடுத்த குறிப்புப் புள்ளி) தள்ளிப்போய் நிற்கலாம். காலையில் ஹோம் எடுத்ததும் பின்னைச் செட்டரில் தொட்டு, நேற்றைய மெஷின் இசட் எண் வருகிறதா என்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் முதல் வழிக்கு இருக்கும் ஒரு பாதுகாப்பு மற்ற இரண்டுக்கும் இல்லை. எச் எண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் ஜி43 புரோகிராமில் விட்டுப்போனால் என்ன ஆகும்? முதல் வழியில் இசட்50 என்றால் மெஷின் ஹோமுக்கு மேலே 50 போகப் பார்த்து ஓவர்டிராவல் அலாரம் அடித்து நிற்கும், சேதம் இல்லை. மூன்றாவது வழியில் நோஸ்தான் ஜாபுக்கு 50 மேலே வரும். டூல் முனை 70.350 மி.மீ. ஜாபுக்குள் இருக்கும். மாஸ்டர் டூல் வழியில் முனை 29.650 மேலே நிற்கும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும், இசட்-5 என்றதும் 25.350 ஆழத்துக்கு இறங்கும். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த இரண்டாவது வழிதான். அதோடு மாஸ்டராக வைத்த கட்டரே உடைந்துவிட்டால் எல்லா எச் எண்ணும் அனாதை.

எந்த வழியானாலும் எண்ணைத் தட்டும்போது புள்ளியை விடக்கூடாது. பழைய ஃபானக் கண்ட்ரோல்கள் பலவற்றில் 50 என்று புள்ளி இல்லாமல் போட்டால் அது 0.050 மி.மீ. ஆகிவிடும். நீளத்துக்கும் ரேடியஸுக்கும் ஒரே பட்டியல் இருக்கும் கண்ட்ரோலில் எச்01 (நீளம்), டி01 (ரேடியஸ்) இரண்டும் ஒரே இடத்தைத்தான் படிக்கும். ரேடியஸுக்கு டி31 போலத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ், ஒய்க்கு அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டுக்கு விளிம்பைத் தொட்டுப் பிடிக்கும் எட்ஜ் ஃபைண்டர் (அதன் பாதி விட்டத்தைச் சேர்க்க மறக்காமல்), துளை மையத்துக்கு டயல் இண்டிகேட்டர். ஜி54 இருக்கும் கண்ட்ரோலில் ஜி92-ஐத் தொடவே வேண்டாம். டூல் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு ஜி92 பெயர் வைக்கிறது. பாதியில் நிறுத்தி வேறு இடத்திலிருந்து புரோகிராமை மறுபடி ஆரம்பித்தால் ஜீரோவும் கூடவே நகர்ந்துவிடும். ஜி92 மட்டுமே உள்ள கண்ட்ரோல் என்றால், அந்த வரிக்கு முன்னால் ஜி28 போட்டு ஹோமுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இரண்டு மூன்று டூல், ஒரே ஒரு ஜாப் என்றால் நான் இன்றைக்கும் ஜாபில்தான் தொடுவேன். திரும்பத் திரும்ப வரும் ஜாப், நிறைய டூல் என்றால் பின்னும் செட்டரும்தான். அப்போது ஒவ்வொரு டூல் மாற்றத்துக்குப் பின்னும் ஜி43 வரியை சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி), ரேபிட்டைக் (வேக நகர்வை) குறைத்து ஓட்டி, டிஸ்டன்ஸ்-டு-கோ (இன்னும் போக வேண்டிய தூரம்) எண்ணைப் பார்த்த பிறகே மறுபடி ஸ்டார்ட் அழுத்துவேன்.