14,500 கட்டி நெட்வொர்க் மார்க்கெட்டிங்ல சேரலாமா? மீட்டிங் போயிட்டு வந்து எழுதுறேன்

போன ஞாயித்துக்கிழமை மதுரைல ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் மீட்டிங்குக்கு எங்க பெரியம்மா பையன் கூட்டிட்டு போனாரு, "தம்பி சும்மா வந்து கேளு, பிடிச்சா சேரு"ன்னு. கம்பெனி பேரு வேணாம், பிளானைப் பத்தி மட்டும் சொல்றேன்.

14,500 ரூபா கட்டுனா ஒரு கிட் தர்றாங்க, புரோட்டீன் பவுடர், சோப்பு, பேஸ்ட், மூட்டுவலி எண்ணெய். பொருள் மோசம்னு சொல்ல மாட்டேன், பேஸ்ட்டை ஒரு வாரம் யூஸ் பண்ணேன், நல்லாவே இருந்துச்சு. பிரச்சனை விலைதான். 200 கிராம் பவுடர் 1,450 ரூபா, லேபிள்ல அதே அளவு புரோட்டீன் போட்ட டப்பா எங்க தெரு மெடிக்கல்ல 400க்குள்ள கிடைக்குது. இதுல சேராத ஒரு ஆளு இந்த விலைக்கு இதை வாங்குவாரானு முதல்ல யோசிங்க. வாங்க மாட்டாருன்னா அங்க நடக்குறது வியாபாரமே கிடையாது, புதுசா சேர்றவங்க பணம்தான் மேல போகுது.

ரெண்டரை மணி நேரத்துல பொருளைப் பத்தி பேசுனது கால் மணி நேரம் இருக்கும். மீதி முழுக்க லெஃப்ட்டு ரைட்டு, அதாவது நமக்குக் கீழ இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர்னு ஆள் சேக்கணும், அவங்களுக்குக் கீழ சேர்றவங்களும் கணக்கு, ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தரா ஒரு ஜோடி சேந்தா 1,000 ரூபா. வீட்டுக்கு வந்து நோட்டுல போட்டு பாத்தேன், எல்லாரும் கரெக்டா ரெண்டு ரெண்டு பேரை சேத்துட்டாங்கன்னே வச்சுக்குவோம், மேல ஒருத்தர்ல ஆரம்பிச்சு 10 வரிசைக்கு மொத்தம் 1,023 பேரு, அதுல கடைசி வரிசை மட்டுமே 512 பேரு, அவங்களுக்குக் கீழ ஆளே இல்ல, ஒரு பைசா வராது. அதுக்கு மேல இருக்குற 256 பேருக்கு 1,000, அடுத்த 128 பேருக்கு 3,000 (பக்கத்துக்கு 3 பேரு, 3 ஜோடி), அதுக்கும் மேல 64 பேருக்கு 7,000. போட்ட 14,500 திரும்ப வர்றது மேல இருக்குற 63 பேருக்கு மட்டும்தான், மீதி 960 பேரும் நஷ்டத்துல. இதுவே ஒருத்தர் கூட விலகாத கணக்கு. சரி இன்னும் கீழ போகட்டும்னா 20 வரிசைல 10 லட்சத்து 48 ஆயிரம் பேரு வேணும், 2011 கணக்கெடுப்புல மதுரை மாநகராட்சி ஜனத்தொகையே 10 லட்சத்து சொச்சம்தான்.

மேடைல ஜிஎஸ்டி சர்டிபிகேட், கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் காட்டி அரசாங்க அனுமதின்னாங்க. அது கம்பெனி பதிவாகி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், பிளான் சரின்னு சொல்லாது. 2016ல மத்திய அரசு கொண்டு வந்த நேரடி விற்பனை வழிகாட்டுதல்லயே சேர்றதுக்கு கட்டணம் கேக்கக் கூடாது, விக்க முடியுற அளவுக்கு மேல சரக்கை தலைல கட்டக் கூடாது, விக்காத நல்ல சரக்கை திரும்ப எடுத்துக்கணும்னு இருக்கு. 2021 டிசம்பர்ல வந்த விதிகள்ல பிரமிட் ஸ்கீமுக்கு, அதாவது ஆள் சேக்குறதை வச்சே மேல இருக்கறவங்களுக்குப் பணம் போற திட்டத்துக்கு, தடையே போட்டாச்சு. அதோட 1978லயே பணச்சுழற்சி திட்டங்களை (ஆள் சேத்தா பணம் வரும்னு சொல்றது) தடை பண்ண சட்டம் இருக்கு, அதுல நடத்துறவங்க மட்டும் இல்ல, உறுப்பினரா சேர்றதும் குத்தம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. நம்ம பேச்சை நம்பி சித்தி, மச்சான், ஆபீஸ் நண்பன்னு சேந்தாங்கன்னா நாளைக்கு அவங்களும் அதுல மாட்டுவாங்க, எனக்கு ரொம்ப பயமா இருந்தது இதுதான்.

மீட்டிங் முடிஞ்சு அப்லைன்கிட்ட, அதாவது நம்மளைச் சேக்குற மேல் வரிசை ஆளுகிட்ட, ரெண்டு கேள்வி கேட்டேன். யாரையும் சேக்காம பொருளை மட்டும் வித்து மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறீங்க? "நெகட்டிவா யோசிக்காதீங்க சார்"னாரு. கிட்டை திருப்பிக் குடுத்தா பணம் வரும்னு எழுதித் தருவீங்களா? வாயால உண்டுன்னாரு, பாரத்துல அப்படி ஒரு வரி கூட இல்ல. நீங்க போனாலும் இந்த ரெண்டையும் நேரா கேளுங்க, அன்னைக்கே பணம் கட்டச் சொன்னா கட்டாதீங்க.

ஒரு அக்கா முதல் தடவையா மைக் புடிச்சு பேசுனாங்க, கை நடுங்கிச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் மனசாரத் தட்டுனேன். நகையை அடகு வச்சு சேந்திருக்காங்களாம். அதைக் கேட்டதுக்கப்புறம் எனக்கு அங்க உக்கார முடியல.

நான் சேரல. என்னைக் கூட்டிட்டு போன அண்ணன் சேந்து 12 நாள் ஆச்சு, இன்னும் யாரையும் சேக்கல. பில்லு, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட், பிரிக்காத டப்பா எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கேன், ரீஃபண்டு கேட்டு லெட்டர் நான்தான் எழுதித் தர்றேன், ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பலாம்னு இருக்கோம்.